பத்துப் போட்டி, ஒரே எண்: டெகத்லான் புள்ளி அட்டவணையை வாசித்தபோது

போன மாதம் மகளின் பள்ளியில் விளையாட்டு விழா. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நூறு மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் மூன்றிலும் இரண்டாம் இடம். அவளுடைய தோழி ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் முதலிடம். குண்டு எறிதலில் கடைசிக்கு முந்தின இடம். தனிநபர் சாம்பியன் கோப்பை தோழிக்குப் போனது. முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 என்பது நம்மூர்ப் பள்ளிக் கணக்கு. தோழிக்கு 10, என் மகளுக்கு 9.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் பின்னாலிருந்து கேள்வி வந்தது. "அப்பா, நான் மூணுலயும் நல்லா பண்ணினேன். அவ ரெண்டுலதான் பண்ணினா. அப்புறம் எப்படி அவ ஆல்ரவுண்டர்?"

"ரூல் அப்படித்தான் கண்ணு" என்று சொல்லி வைத்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

கிளம்பும்போது பி.டி. சார் வேறு ஒன்று சொல்லியிருந்தார். "சார், பாப்பா எல்லாத்துலயும் கை வைக்குது. ஏதாவது ஒண்ணைப் புடிச்சா டிஸ்ட்ரிக்ட் லெவல் போயிடும். யோசிங்க." நல்ல மனுஷர். பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். ஆனாலும் மனதுக்குள் ஏதோ உறுத்தியது.

நான் விளையாட்டு நிபுணன் இல்லை. கோடு எழுதிப் பிழைப்பவன். ஒரு விஷயம் உறுத்தினால் அதன் விதிமுறையைத் தேடி எடுத்து வரிவரியாகப் படிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே ஆராய்ச்சி. அப்படித்தான் 1985-லிருந்து புழக்கத்தில் இருக்கும் டெகத்லான் புள்ளி அட்டவணையை எடுத்தேன். பல விளையாட்டுகளில் திறமை காட்டும் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதற்கு உலகம் வைத்திருக்கும் அதிகாரபூர்வமான தராசு அதுதான். ஒரு நூலை விமர்சிப்பது போல இதையும் விமர்சிக்கலாம் என்பது என் எண்ணம். நூலாசிரியருக்கு இருப்பது போல அட்டவணை போட்டவருக்கும் ஒரு கட்சி இருக்கும் இல்லையா?

அட்டவணை என்ன சொல்கிறது?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டெகத்லான் என்பது இரண்டு நாளில் பத்துப் போட்டி. முதல் நாள் 100 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர். இரண்டாம் நாள் 110 மீட்டர் தடை ஓட்டம், வட்டு எறிதல், கோல் ஊன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல், கடைசியாக 1500 மீட்டர். எந்த இடத்தில் வந்தீர்கள் என்பதற்குப் புள்ளி கிடையாது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதற்குத்தான் புள்ளி.

சூத்திரம் எளிமையானது. 100 மீட்டரை எடுத்துக்கொள்வோம். 18 விநாடியிலிருந்து உங்கள் நேரத்தைக் கழிக்க வேண்டும். வரும் விடையை 1.81 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 25.4347-ஆல் பெருக்கி, தசமத்தை வெட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு போட்டிக்கும் இதேபோல மூன்று எண்கள். மொத்தம் முப்பது எண்கள். ஒருவரை உலகின் மிகச் சிறந்த முழுமையான விளையாட்டு வீரர் என்று சொல்வது இந்த முப்பது எண்கள்தான்.

எங்கள் துறையில், விளக்கமில்லாமல் நிரலுக்குள் உட்கார்ந்திருக்கும் இப்படிப்பட்ட எண்ணை மேஜிக் நம்பர் என்போம். புதிதாகச் சேர்ந்த பையன் 25.4347 என்று எழுதிக்கொண்டு வந்தால், "இது எங்கேர்ந்துப்பா வந்துச்சு?" என்று கேட்காமல் விடமாட்டோம்.

சும்மா இருக்கமுடியாமல் எக்செல்லில் போட்டு என் கணக்கையும் பார்த்தேன். 1500 மீட்டருக்கு எல்லைக்கோடு 8 நிமிடம். நான் மைதானத்தில் ஓடிப் பார்த்தது 8 நிமிடம் 40 விநாடி. எதிர்ம எண்ணைத் தசம அடுக்குக்கு உயர்த்த முடியாது என்பதால் எக்செல் பூஜ்யம்கூடத் தரவில்லை, பிழை என்று காட்டியது. நாற்பதைத் தாண்டியவனுக்கு வேண்டியதுதான்.

ரோம், 1960

மகளின் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு சம்பவம் ஒலிம்பிக் வரலாற்றிலேயே இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக். அமெரிக்காவின் ராஃபர் ஜான்சன், தைவானின் சி.கே. யாங். இருவரும் கலிஃபோர்னியாவில் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே பயிற்சியாளரிடம் பழகியவர்கள், நண்பர்கள்.

பத்துப் போட்டிகளில் ஏழில் யாங், ஜான்சனை வென்றார். ஜான்சன் முந்தியது மூன்றில் மட்டும்: குண்டு, வட்டு, ஈட்டி. மூன்றுமே எறிதல். நம் பள்ளிக் கணக்கில் இவர்கள் இருவரை மட்டும் வைத்து 5, 3 என்று போட்டால் யாங்குக்கு 44, ஜான்சனுக்கு 36. கோப்பை யாங்குக்கு, பேச்சே இல்லை.

ஆனால் தங்கம் ஜான்சனுக்கு. 8392-க்கு 8334. ஏழு போட்டிகளில் யாங் ஜெயித்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். ஜான்சன் குண்டை இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிப் போட்டார், வட்டை எட்டு மீட்டருக்கு மேல். கடைசி 1500 மீட்டரில் யாங் பத்து விநாடி இடைவெளி கொடுத்திருந்தால் கதை மாறியிருக்கும். ஜான்சன் செத்துப் பிழைத்து, ஒரு விநாடிச் சொச்சம் இடைவெளியிலேயே ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இரண்டு கேள்விகள் இங்கே பிரிகின்றன. எத்தனை முறை ஜெயித்தாய் என்பது ஒன்று. எவ்வளவு ஜெயித்தாய் என்பது இன்னொன்று. பள்ளி முதல் கேள்வியைக் கேட்கிறது. அட்டவணை இரண்டாவதைக் கேட்கிறது. இதில் எது நியாயம் என்று இயற்கை எதுவும் சொல்லவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்ததுதான்.

தராசே மாறினால்?

சரி, அட்டவணை அளவைத்தான் பார்க்கிறது என்று ஒப்புக்கொள்வோம். அளவு நிலையானதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. அட்டவணை பலமுறை மாற்றப்பட்டிருக்கிறது.

1912 ஸ்டாக்ஹோமில் ஜிம் தோர்ப் 8412 புள்ளி எடுத்தார். ஸ்வீடன் அரசர் அவரை உலகின் தலைசிறந்த வீரர் என்று பாராட்டிய கதை பிரபலம். அவருடைய அதே பத்து அளவுகளை இன்றைய அட்டவணையில் போட்டால் 6500 சொச்சம்தான் வரும். ஓடியதும் தாண்டியதும் அப்படியேதான் இருக்கின்றன, மாறியது தராசு.

யாங்குக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. 1963-ல் அவர் 9121 புள்ளியுடன் உலக சாதனை படைத்தார். கோல் ஊன்றித் தாண்டுதலில் அவர் தாண்டிய உயரம் அன்றைய அட்டவணையின் கடைசி வரியையே தாண்டிவிட்டது. மறு வருடம் டோக்கியோ ஒலிம்பிக்குக்குள் புதிய அட்டவணை வந்துவிட்டது. அவருக்குப் பலமாக இருந்த இடத்தில் புள்ளி குறைந்தது. டோக்கியோவில் ஐந்தாம் இடம். அட்டவணை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் காரணங்களில் அதுவும் ஒன்று. இதனால் ஒரு விநோதம்: டெகத்லானில் 9000-ஐத் தாண்டிய முதல் ஆள் யார் என்று வினாடி வினாவில் கேட்டால், யாங், 1963 என்றும் சொல்லலாம். செக் நாட்டு ரோமன் ஷெப்ரலே, 2001 என்றும் சொல்லலாம். எந்த அட்டவணை என்று கேட்காமல் மார்க் போடமுடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது டேலி தாம்ஸன் கதை. 1984 லாஸ் ஏஞ்சலஸில் பிரிட்டனின் தாம்ஸன் 8797 புள்ளியுடன் தங்கம் வென்றார். ஜெர்மனியின் யூர்கன் ஹிங்ஸன் வைத்திருந்த உலக சாதனை 8798. ஒரே ஒரு புள்ளியில் சாதனை போயிற்று. பிறகு தடை ஓட்டத்தின் முடிவுக்கோட்டுப் புகைப்படத்தை மறுபடி ஆராய்ந்தபோது, அவர் நேரம் 14.34 இல்லை, 14.33 என்று தெரிந்தது. விநாடியில் நூறில் ஒரு பங்கு. ஒரு புள்ளி கூடியது, சாதனை சமன். இதற்கிடையில் 1985 அட்டவணை வந்திருந்தது. பழைய அளவுகளை அதில் போட்டால் தாம்ஸனுக்கு 8847, ஹிங்ஸனுக்கு 8832. தாம்ஸன் தனி உலக சாதனையாளர் ஆகிவிட்டார். மைதானத்தில் ஒருவரும் கால் வைக்காமலேயே ஓர் உலக சாதனை கைமாறியது.

முப்பது எண்களுக்குள் இருக்கும் கட்சி

இனி இன்றைய அட்டவணைக்குள் போவோம். அந்த அடுக்கு எண்களைக் கவனியுங்கள். ஓட்டங்களுக்கு 1.81-லிருந்து 1.92 வரை. தாண்டுதல்களுக்கு 1.35-லிருந்து 1.42 வரை. எறிதல்களுக்கு 1.05-லிருந்து 1.10 வரை. அடுக்கு 1-ஐ ஒட்டி இருந்தால் ஏறக்குறைய நேர்கோடு: எந்த நிலையில் இருந்தாலும் ஒரே அளவு முன்னேற்றத்துக்கு ஒரே அளவு கூலி. அடுக்கு கூடக் கூட, உச்சியில் இருப்பவருக்கு அதிகக் கூலி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். குண்டை 10 மீட்டரிலிருந்து 11-க்குக் கொண்டுபோனால் சுமார் 60 புள்ளி கூடும். 17-லிருந்து 18-க்குப் போனால் சுமார் 62. ஏறக்குறைய ஒன்றே. 100 மீட்டரில் 13.0-லிருந்து 12.9-க்கு வந்தால் 17 புள்ளி. 10.55-லிருந்து 10.45-க்கு வந்தால் 24. ஒரே பத்தில் ஒரு பங்கு விநாடி. ஆனால் உச்சியில் இருப்பவருக்கு நாற்பது சதவீதம் அதிகம்.

இதற்கு நியாயம் இருக்கிறது. ஓட்டத்தில் மேலே போகப் போக ஒவ்வொரு நூறில் ஒரு பங்கும் கடினம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விளைவைப் பாருங்கள். வேகம் என்பது 100 மீட்டருக்கு மட்டும் உதவுவதில்லை. 400 மீட்டர், தடை ஓட்டம், நீளம் தாண்டுதலின் ஓட்டம், கோல் ஊன்றுவதற்கு முந்தைய ஓட்டம் என்று ஐந்து இடத்தில் அதே வேகம் வேலை செய்கிறது. எங்கள் மொழியில் சொன்னால் அது ஒரு பொது லைப்ரரி. ஒருமுறை எழுதினால் ஐந்து இடத்தில் கூப்பிடலாம். 1500 மீட்டருக்கான தாக்குப்பிடிப்பு அப்படி இல்லை. ஒரே இடத்தில்தான் பயன்படும், அதற்காகச் செய்யும் பயிற்சி மற்ற ஒன்பதுக்கும் இடைஞ்சல்.

இன்றைய உலக சாதனையைப் பிரித்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். பிரான்ஸின் கெவின் மேயர், 2018 செப்டம்பர், தாலான்ஸ் நகரம், 9126 புள்ளி. கோல் ஊன்றித் தாண்டுதலில் 5.45 மீட்டர், 1051 புள்ளி. நீளம் தாண்டுதலில் 7.80, 1010 புள்ளி. தடை ஓட்டம் 13.75, 1007 புள்ளி. குண்டு சரியாக 16 மீட்டர், 851. 1500 மீட்டர் 4 நிமிடம் 36.11 விநாடி, வெறும் 705. மேயர் 1500-ல் பத்து விநாடி குறைத்திருந்தால் 65 புள்ளி கூடியிருக்கும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையில் மற்ற இடங்களில் அதைவிட அதிகம் போய்விடும் என்பது எந்த டெகத்லான் பயிற்சியாளருக்கும் தெரியும்.

ஆக, அட்டவணை "பத்திலும் சமமாக இரு" என்று சொல்வதாக வெளித்தோற்றம். உள்ளே அது சொல்வது: "வேகமாக இரு, தாண்டு, எறிதலில் கௌரவமாக இரு, கடைசி ஓட்டத்தைச் சமாளி." அதற்கென்று ஓர் உடல்வாகு இருக்கிறது. அந்த உடல்வாகுக்கு முழுமை என்று பெயர் வைத்திருக்கிறோம். பத்தில் ஐந்து நெடுந்தூர ஓட்டமாக இருந்திருந்தால் முழுமையின் முகமே வேறாக இருந்திருக்கும்.

இன்னொரு குறை, பெண்களுக்கு ஏழுதான். ஒலிம்பிக்கில் 1984-லிருந்து ஹெப்டத்லான். ஜாக்கி ஜாய்னர்-கெர்ஸி 1988 சியோலில் எடுத்த 7291 இன்னும் உடையவில்லை. அதிலும் இதே கதை: நீளம் தாண்டுதலில் 1264, ஈட்டியில் 776. பெண்கள் டெகத்லானுக்குத் தனி அட்டவணையே இருக்கிறது; 2005-ல் லிதுவேனியாவின் ஆஸ்ட்ரா ஸ்குயிடே எடுத்த 8358 அதில் உலக சாதனை. ஆனால் ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கோல் ஊன்றித் தாண்டுதலும் உண்டு, வட்டு எறிதலும் உண்டு, 1500 மீட்டரும் உண்டு; பத்தையும் சேர்த்துச் செய்யமட்டும் வாய்ப்பில்லை. இதற்கு எந்தச் சூத்திரமும் சமாதானம் சொல்லாது.

அப்படியானால் இது தேவையில்லாத அட்டவணையா?

இவ்வளவு குறை சொன்னபிறகும், தொடர்ந்து படித்ததில் எனக்கு இந்த அட்டவணை மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. இரண்டு காரணம்.

முதலாவது, இங்கே அடுத்தவன் நன்றாகச் செய்தால் உன் புள்ளி குறையாது. பள்ளிக் கணக்கில் தோழி முதலில் வந்தால் என் மகளுக்கு இரண்டு புள்ளி போச்சு. அட்டவணையில் அவரவர் நேரத்துக்கும் தூரத்துக்கும்தான் கூலி. டெகத்லான் முடிந்ததும் எல்லா வீரர்களும் கைகோத்து மைதானத்தைச் சேர்ந்தே சுற்றிவரும் வழக்கம் இருக்கிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று நினைக்கிறேன். இரண்டு நாள் முழுக்க அவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதியதைவிட அட்டவணையோடு மோதியதுதான் அதிகம்.

இரண்டாவது, அது சுமாரான திறமைக்கும் கூலி தருகிறது. 4 நிமிடம் 36 விநாடிக்கு 1500 மீட்டரை ஓடினால் எந்த உலகப் போட்டியின் தகுதிச் சுற்றிலும் கடைசி ஆள்தான். பள்ளிக் கணக்கில் பூஜ்யம். அட்டவணை 705 தருகிறது. அந்த 705 இல்லாமல் 9126 இல்லை. பூஜ்யம் என்ன செய்யும் என்பதும் மேயருக்குத் தெரியும். தாலான்ஸுக்கு ஒரு மாதம் முன்பு பெர்லினில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். நீளம் தாண்டுதலில் மூன்று முயற்சியும் ஃபவுல். அங்கேயே எல்லாம் முடிந்தது. ஒரே மாதத்தில் அதே நீளம் தாண்டுதலில் 7.80 தாண்டி உலக சாதனை. எல்லாவற்றிலும் உச்சமாக இரு என்று அட்டவணை கேட்பதில்லை. எதையும் பூஜ்யமாக விடாதே என்றுதான் கேட்கிறது.

"ஒண்ணைப் புடி" என்ற அறிவுரைக்கு நம் நாட்டிலேயே ஒரு எதிர் உதாரணம் இருக்கிறது. தேஜஸ்வின் சங்கர். உயரம் தாண்டுதலைப் பிடித்து, 2022 காமன்வெல்த்தில் வெண்கலம் வாங்கினார். அங்கேயே நின்றிருக்கலாம். அவர் பத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் டெகத்லானில் வெள்ளி, 7666 புள்ளி, அப்போதைய தேசிய சாதனை. ஒன்றில் ஆழமாகப் போவதும் பலவற்றில் பரவுவதும் எதிரெதிர் பாதைகள் என்று நாம்தான் எட்டாம் வகுப்பிலேயே பிரித்து வைக்கிறோம்.

ஒரு ஒப்புதல்

இந்த ஆராய்ச்சியில் நான் முதலில் தேடியது உண்மையை அல்ல. என் பெண் ஜெயிக்கும் ஓர் அட்டவணையைத்தான் தேடினேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையில்லை. இப்படி ஏதாவது ஒரு அட்டவணை எப்போதும் கிடைக்கும் என்பதுதான் மேலே சொன்ன வரலாற்றின் சாரமே.

அடுத்த வாரம் பி.டி. சாரைப் பார்த்தபோது, பிள்ளைகளின் நேரமும் தூரமும் இருக்கிறதா என்று கேட்டேன். பதிவேட்டில் 1, 2, 3 என்ற இடம் மட்டும்தான் இருந்தது. "ஸ்டாப்வாட்ச் ஒண்ணுதான் சார் இருக்கு. நூத்துக்கணக்குல பிள்ளைங்க ஓடுது. நான் ஒருத்தன் எதைன்னு பார்ப்பேன்?" என்றார். நியாயமான பதில். ஆக, என் மகள் தோழியிடம் ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றாளா, ஒரு விரல்கடை வித்தியாசத்தில் தோற்றாளா என்பது யாருக்கும் தெரியாது. எந்த அட்டவணையைப் போட்டாலும் தோழிதான் சாம்பியன் என்றுகூட இருக்கலாம். 5-3-1 மேல் என் உண்மையான புகார், அது இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது என்பதே. அந்த மூன்றாவது வெள்ளி எத்தனை மீட்டர் என்று கேட்டால் பதில் இல்லை.

மகளிடம் ராஃபர் ஜான்சன், யாங் கதையைச் சொன்னேன். "ஏழுல ஜெயிச்சும் யாங் தோத்துட்டாரா? பாவம்பா" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ எனக்கு எத்தனை புள்ளி வரும்?" என்றாள். அளந்தால்தானே தெரியும் என்றேன்.

இப்போது ஒரு முப்பது மீட்டர் டேப்பும் ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கியிருக்கிறோம். ஞாயிறு காலையில் நான் அளக்கிறேன், அவள் எழுதுகிறாள். தோழியும் வர ஆரம்பித்திருக்கிறாள். அடுத்த விளையாட்டு விழாவுக்கு டேப்போடு வந்து உதவுகிறேன் என்று பி.டி. சாரிடம் சொல்லியிருக்கிறேன். எந்த ஈவென்ட்டைப் பிடிப்பது என்பதை நோட்டு நிறைந்தபிறகு அவளே முடிவு செய்யட்டும்.